அலைக்குளிப்பும் காவற்கயிறும்

கடலில் இறங்கிக் குளிப்பதற்குச் சட்டம் குறுக்கே நின்ற காலமும் ஒன்று உண்டு எனக் கூறினால், கடலோரத்திற் பிறந்து வளர்ந்த நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நிலைமை அவ்வாறே இருந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, காலை ஆறு மணி தொடக்கம் இரவு எட்டு மணிவரை துறைமுகத்தின் சில பகுதிகளில் பிறர் கண்ணிற்படக் குளித்தலைக் குற்றமாக்கிற்று. ஐந்தாண்டுகளில் அத்தடை மேலும் விரிந்தது. கடலின் ஆபத்தைக் கருதி விதித்த தடையன்று அது. உடல் வெளிப்படுதல் ஒழுக்கக்கேடு என்பதே காரணம்.

நகரின் புறத்தே பசிபிக் பெருங்கடலை நேரே நோக்கிக் கிடப்பது மான்லிக் கடற்கரை. பலகை ஏதுமின்றி, அலைமீது உடலைக் கிடத்திக் கரைக்கு ஓடிவரும் வித்தையை 1890களில் அங்குள்ள இளைஞர் கற்றது, பசிபிக்கின் டன்னாத் தீவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடம். தீவின் பெயரைச் சேர்த்து அவரை டொமி டன்னா என அழைத்தனர்.

1902ஆம் ஆண்டு ஒக்டோபரில் வில்லியம் கோச்சர் என்னும் பத்திரிகாசிரியர், நண்பகலிற் குளிக்கப்போவதாகத் தம் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டுக் கடலில் இறங்கினார். முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் பொலிஸார் அவரைக் கரையேற்றி அழைத்துச் சென்றனராயினும் வழக்குத் தொடரவில்லை. மறு ஆண்டு நவம்பரில் மான்லி நகரசபை, கழுத்து முதல் முழங்கால்வரை மூடிய உடையுடன் பகலிற் குளிக்க இசைந்தது. 1907இல் ஆண்களும் பாவாடை போன்றதொரு உடை அணிதல் வேண்டும் எனச் சில நகரபிதாக்கள் கூறவே, ஆண்கள் மெய்யாகவே பாவாடை உடுத்துக் கடற்கரைகளில் ஊர்வலம் வந்தனர். அந்த யோசனை அத்தோடு மடிந்தது.

ஆனால் இறங்கியவருட் பலர் நீந்த அறியாதவர். அலைகள் கரைக்குத் தள்ளும் நீர், மணற்றிட்டுகளின் இடையே ஒடுங்கிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். அவ்விழுவையை எதிர்த்து நீந்துபவன் களைத்தே மூழ்குவான். 1907 ஜனவரியில் பொண்டாய்க் கடற்கரையில் மூழ்கவிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் குளிக்க வந்தோர் மீட்டனர். அவனே பின்னாளில், 1928இல், பசிபிக்கை விமானத்திற் கடந்த சார்ல்ஸ் கிங்ஸ்போட் சிமித். சில வாரங்களில் பொண்டாயில் உயிர்காப்புச் சங்கம் அமைந்தது. அவர்களின் கருவி மிக எளியது: உருளையிற் சுற்றிய நீண்ட கயிறு; அதன் நுனியில் ஓர் இடைவார். ஒருவர் வாரைக் கட்டி நீந்திச் சென்று மூழ்குபவரைப் பற்றுவார். கரையில் நிற்போர் இருவரையும் இழுப்பர்.

1938 பெப்ரவரி 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பொண்டாயில் அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் மணற்றிட்டில் நின்றோரை ஆழத்துக்கு வாரிச் சென்றன. சங்கத்தார் பலர் போட்டி ஒன்றிற்காக அங்கு கூடியிருந்தமை நற்பேறு. ஏறத்தாழ 250 பேர் மீட்கப்பட்டனர், ஐவர் மாண்டனர்.

பெண்களுக்கோ கடற்கரை மெதுவாகவே திறந்தது. 1915இன் தொடக்கத்தில் ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு சிட்னியில் அலைப்பலகை ஓட்டிக் காட்டியபோது, அதே பலகையில் அவருடன் நின்று வந்தவள் இசபெல் லெதம் என்னும் பதினைந்து வயதுப் பெண். பின்னாளில் மான்லி உயிர்காப்புச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. கொந்தளிக்கும் கடல் பெண்ணுக்கு இயலாது என்பது அவர்கள் கூற்று. அவுஸ்திரேலியச் சங்கங்களிற் பெண்கள் முழு உரிமையுடன் காவற்பணியில் நின்றது 1980ஆம் ஆண்டு முதலே.