தமிழ்மொழித் தினப் போட்டி: கல்முனைக் கரையின் ஆடல் அமைப்பு

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி, தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்காக இலங்கைக் கல்வி அமைச்சு நடத்தும் கலை, இலக்கியப் போட்டித் தொடர். பேச்சு, கட்டுரை முதலியவற்றோடு தனி நடனம், குழு நடனம், நாட்டிய நாடகம், முஸ்லிம் நிகழ்ச்சி ஆகிய பிரிவுகளும் இதில் உண்டு. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாகத் தேறியவர்கள் தேசிய மட்டத்தை அடைவர். போட்டியிடுவோர் மாணவர்களே, எனினும், ஆடல் அமைக்கக் கைபழகும் இளம் ஆசிரியர்களுக்கும் இது ஒரு களம்.

வலயம்

கல்முனை கல்வி வலயத்தில் கல்முனை முஸ்லிம், கல்முனை தமிழ், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய கோட்டங்கள் அடங்கும். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கரை இது. ஆகவே பரதநாட்டிய அடவுகளில் அமைந்த நாட்டிய நாடகமும், றபானும் பொல்லடியும் இடம்பெறக்கூடிய முஸ்லிம் நிகழ்ச்சியும் ஒரே வலயப் போட்டிக்குள் வருகின்றன.

மரபும் மேடையும்

பொல்லடி, களிகம்பு எனப்படும் கோலாட்ட வகை கிழக்கிலங்கை முஸ்லிம்களின் மரபுக் கலை. ஆண்கள் வட்டமாகச் சுற்றிவந்து, பொல்லோடு பொல் தட்டி, பாட்டின் தாளத்துக்கு ஆடுவர். அண்ணாவியார் பாட்டை எடுத்துக்கொடுத்து ஆட்டத்தை நடத்துவார். திருமணம், சுன்னத்து, விருந்தினர் வரவேற்பு ஆகியன இதற்குரிய வேளைகள்.

தெருவில் இதை நாற்புறமும் நின்று பார்க்கலாம். போட்டி மேடையிலோ பார்வையாளரும் நடுவர்களும் ஒரே பக்கம். வட்டத்தை எங்கே உடைப்பது, எந்த அடியை விடுவது, குறித்த நேரத்துக்குள் எப்படி உச்சத்துக்குக் கொண்டுபோவது என்பன அமைப்பாளர் தீர்க்கவேண்டியவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் இதையொத்த பணியைக் கூத்தில் செய்தார். விடியவிடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்து மரபிலிருந்து அவர் உருவாக்கிய 'இராவணேசன்' 1964இல் மேடையேறியது.

பயிற்சி

நடனம் இலங்கைப் பாடசாலைகளில் அழகியற் பாடங்களுள் ஒன்று. கிழக்கில் அதற்கான உயர்கல்வியை, கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் வழங்குகிறது. நிறுவகத்தின் பெயருக்குரிய விபுலானந்தர் (1892–1947), இதே வலயத்தின் காரைதீவில் பிறந்தவர். 'யாழ் நூல்' ஆசிரியர்.

ஒப்பீடு

ஆடலை அமைப்பவரையே போட்டியாளராகக் கொள்ளும் வழக்கம் பிற நாடுகளில் உண்டு. பாரிசை அடுத்த பாஞ்ஞோலே நகரில் 'நாளைக்கான பாலே' என்னும் பெயரில் 1969இல் தொடங்கிய போட்டி, பிரெஞ்சு நடனத்தில் ஒரு புதிய தலைமுறையையே முன்னுக்குக் கொண்டுவந்தது. தொமினிக் பகுவே 1976இலும் மகி மரேன் 1978இலும் அங்கு பரிசு பெற்றுப் பெயரெடுத்தனர். தமிழ்மொழித் தினப் போட்டியிலோ வெற்றி மாணவருக்கும் பாடசாலைக்கும் உரியது. ஆடலை அமைத்தவருக்கெனத் தனிப் பிரிவு இல்லை.