ராஜேஷும் ரஞ்சித்தும்

ஸ்திரீகளின் முன்னால் வாய் திறக்க முடியாத ஒரு புருஷனை வைத்து ஆறு வருஷம் ஜனங்களைச் சிரிக்க வைத்தது ஓர் அமெரிக்க டெலிவிஷன் நாடகம். 2007 முதல் 2019 வரை ஓடிய 'தி பிக் பாங் தியரி'யில் வரும் ராஜேஷ் கூத்ரப்பாலியைத்தான் சொல்லுகிறேன். டில்லிக்காரன், காலிஃபோர்னியாவில் வான ஆராய்ச்சி செய்பவன். மது உள்ளே போனால்தான் பெண்களிடம் அவனுக்குப் பேச்சு வரும். 2013-இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

ராஜேஷ் என்றால் அரசர்க்கெல்லாம் ஈசன். இத்தனை கம்பீரமான ஆண் பெயரைச் சுமந்துகொண்டு ஊமையாக நிற்கிறான் என்பதில்தான் எனக்கு வேடிக்கை.

பெயரில் ஆண் எது, பெண் எது? நமக்கு இது சுலபம். சாத்தன் ஆண், சாத்தி பெண். வடமொழியிலிருந்து வந்த கிருஷ்ணர்கூட இங்கே ஒரு 'ன்' போட்டுக்கொண்டு கிருஷ்ணன் ஆகிவிட்டார். வடமொழியிலோ ஈற்றில் குறில் அகரம் வந்தால் ஆண். அதே பெயரை நெடிலாக்கிக் கிருஷ்ணா என்றால் பாஞ்சாலி! ஆங்கில எழுத்தில் இந்தக் குறில் நெடில் வேற்றுமை தெரியாது. மரியா, அன்னா என்று கேட்டுப் பழகிய காதுக்கு நம் ஆண்களில் பாதிப் பேர் பெண்களாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

பஞ்சாபில் கதையே வேறு. 1699-இல் ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங் கால்ஸாவை நிறுவினார். சீக்கிய மரபில் ஆணுக்குச் 'சிங்', பெண்ணுக்குக் 'கௌர்'. முன்னால் வரும் பெயரோ இருவருக்கும் பொது. மாப்பிள்ளை குர்ப்ரீத் சிங், மணப்பெண் குர்ப்ரீத் கௌர் என்று கல்யாணப் பத்திரிகை அச்சாகலாம். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

1977-இல் லண்டனில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' என்ற ஹாஸ்ய நாடகத்தில் ரஞ்சித் சிங் என்று ஒரு மாணவர் உண்டு. வேஷம் போட்ட ஆல்பர்ட் மோசஸ், இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். ஆங்கிலத்தில் அவர் தடுமாறுவதுதான் ஹாஸ்யம். ரஞ்சித் என்றால் போரில் வென்ற வீரன். பஞ்சாபில் அந்தப் பெயரை ஒரு பெண்ணும் தரிக்கலாம் என்பதை அந்த நாடகம் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதனால் பஞ்சாபைத் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டாம். பெயரைப் பொதுவாக்கிய அதே மாகாணத்தில், 2001 ஜனத்தொகைக் கணக்கின்படி, ஏழு வயது நிரம்பாத ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 798 பேர்தான். 2011-இல் அது 846 ஆயிற்று. அன்பையும் வெற்றியையும் பெயரில் சமமாகப் பங்கிட்டவர்கள், பிறக்கும் உரிமையைப் பங்கிட மறந்துவிட்டார்கள்.

பெயர் ஒரு வாசல், அவ்வளவுதான். வாசலில் ஆண், பெண் என்று பலகை மாட்டாதிருப்பது நல்லது. ஆனால் உள்ளே பெண்ணுக்கு இடம் உண்டா என்று எட்டிப் பார்க்காமல் பலகையை மட்டும் மெச்சிக்கொண்டு திரும்பிவிடலாகாது.