காலமானது பழைய நூல் புடவை

உடுத்திக் கிழிந்த பிறகும் பல வருஷம் வேலை பார்த்த நூல் புடவை தமிழ்நாட்டு வீடுகளில் காலமாகிவிட்டது. நாள் குறித்துச் சொல்ல முடியாத சாவு. எழுபதுகளில் நைலக்ஸ் வந்தபோதே படுத்தது. மத்திய அரசின் 1985ஆம் ஆண்டு ஜவுளிக் கொள்கை செயற்கை இழைக்கு வரியைக் குறைத்து வழிவிட்ட பிறகு எழுந்திருக்கவே இல்லை. புது நூல் புடவை கடைகளில் இன்றும் கிடைக்கிறது, விசேஷத்துக்கு எடுத்துக் கட்டிவிட்டு மடித்து வைக்கிற உருப்படியாக. நான் சொல்வது அதையல்ல. தினசரி கட்டிப் பழசாகி, தையல் மிஷினுக்குப் போய், அங்கிருந்து அடுப்படிக்கு இறங்கிய புடவையை.

புடவை எல்லா இடத்திலும் ஒன்றுபோல நைவதில்லை. உட்காரும் இடமும் கொசுவம் செருகும் இடமும் முதலில் இற்றுப்போகும். முந்தானைப் பக்கம் திடமாகவே இருக்கும். கத்தரிக்கோல் தேடமாட்டார்கள். ஓரத்தில் பல்லால் ஒரு கடி, அப்புறம் இரண்டு கையாலும் ஒரு இழுப்பு. இழை பிடித்து நேராகக் கிழியும். நல்ல பாகத்தில் கரையை அடியில் வைத்துச் சிறுமிக்குப் பாடி வைத்த பாவாடை. கரைக்கு மேலே விரற்கடை அகலத்தில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்திருப்பார்கள். பெண் வளர வளர, பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஒரு டக்கைப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில், வெயிலும் சவுக்காரமும் படாத துணி புதுச்சாயத்தோடு ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையைப் பார்த்தே பாவாடையின் வயதைப் பக்கத்துப் பெஞ்சுக்காரி சொல்லிவிடுவாள். சிக்கனத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன்.

மிச்சத்தில் தலையணை உறை, காய்கறிப் பை, உள்பாவாடைக்கு நாடா. தூளிக்குத் தையலே வேண்டாம்; உத்தரத்தில் கட்டினால் ஆயிற்று. மிதிமிஷின் வைத்திருந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் வரும். முதலில் வெள்ளைக்காரர் காலத்து சிங்கர். 1930களில் கல்கத்தாவில் உற்பத்தி தொடங்கிய பிறகு உஷா. அந்த மிஷின்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன, மேலே ஒரு விரிப்பும் டிவியுமாக.

தைக்கவும் லாயக்கில்லாமல் போனதுதான் சமையற்கட்டுக்கு வந்தது. வந்த இடத்திலும் தரம் பார்த்தார்கள். சாயப் புடவைக்குக் கரித்துணி உத்தியோகம்தான்: அரிசிப் பானையை இறக்க, உருளியைப் பிடிக்க, மேடையைத் துடைக்க. மாவும் பாலும் படுகிற வேலைக்கு வெள்ளை வேட்டியைத்தான் எடுப்பார்கள், சாயம் இறங்காது என்பதால். இட்லித் தட்டில் துணி போட்டு வார்ப்பதற்குக் கோடித் துணி உதவாது. கஞ்சி போகாத துணியில் மாவு அப்பிக்கொள்ளும். நூறு தடவை துவைத்து, கஞ்சியெல்லாம் போய், பிடித்தால் கையில் நிற்காமல் வழிகிற பதத்தில் இருக்கவேண்டும். நனைத்துப் பிழிந்து குழிகளின் மேல் விரித்து மாவை ஊற்றுவார்கள். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லியின் அடிப்பக்கத்தில் நெசவின் தடம் பதிந்திருக்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் இடுவதும் இதே கணக்குதான். அரைகுறையாகக் காய்ந்த வடாத்தோடு வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்னால் ஈரம் காட்டி உரிக்கவேண்டும். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டில் இடுகிறார்கள். தானே கழன்று விழுகிறது. உரிக்கும் வேலையில் பாதி ராத்திரி வரை உட்கார்ந்தவர்கள் பிளாஸ்டிக்கை வாழ்த்தத்தான் செய்வார்கள்.

நைலக்ஸும் பாலியஸ்டரும் வந்ததும் இந்த இறக்கம் நின்றுபோனது. பாலியஸ்டர் புடவை கிழிவதில்லை, வெளுப்பதுமில்லை. எத்தனை துவைத்தாலும் தண்ணீர் குடிக்கப் பழகாது, அதனால் துடைக்க உதவாது. சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகும் இழை அது. காய்ந்த தோசைக்கல்லின் பிடியை அதால் பிடித்தால் சுருங்கிக் கையில் ஒட்டும். தூளி கட்டினால் குழந்தைக்கு வேர்க்கும். ஆக, கட்டுவதற்கு மட்டுமே பிறந்த துணி. அலுத்துப்போனால் பாத்திரக்காரருக்குப் போடவேண்டியதுதான். "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று தெருவில் கூவி வந்தவர் பேன்ட்டையும் நைலக்ஸையும் உதறிப் பார்த்து எவர்சில்வர் டபரா ஒன்றை நீட்டுவார். கிழிந்த நூல் புடவையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சிக்கனம் போதவில்லை என்று குறைசொல்கிற பேச்சில் எனக்குச் சம்மதமில்லை. கிழித்துத் தைக்கத் தகுந்த துணி வீட்டைவிட்டுப் போயிற்று, சிக்கனமும் அதோடு போயிற்று. அதோடு, ஒரு பாவாடையில் மிச்சமான காசு என்பது ஒருத்தியின் மதியத் தூக்கம். சாப்பாட்டுக் கடை முடிந்து, மாலைக் காப்பிக்கு அடுப்பு பற்றவைக்கும் முன் கிடைக்கிற நேரத்தில் மிஷினை மிதித்தாள். அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. வேலைக்குப் போகிற பெண் அந்த மதியத்தைச் சம்பளமாக மாற்றிக்கொண்டாள் என்றால், ரெடிமேட் கவுன் வாங்குவதுதான் நியாயமான கணக்கு.

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டு, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் புதுத்துணி வெட்டிப் புதுப்பை தைக்கவேண்டியிருக்கிறது, கிழிக்க வீட்டில் பழசு இல்லாததால்.

வாரிசுகள் இருவர். ஒன்று, கிழிந்த பருத்தி நைட்டி. இன்றைக்குப் பெரும்பாலான அடுப்படிகளில் கரித்துணியாக இருப்பது அதுதான். புடவையைப்போல் நீளம் கிடையாது. நடுவில் ஜிப்போ பட்டனோ குறுக்கிடும். என்றாலும் தண்ணீர் குடிக்கிறது, சூட்டில் உருகுவதில்லை. இரண்டாவது, திருப்பூர்ப் பனியன் வேஸ்ட். வண்டி துடைக்க அருமை, பின்னல் துணியென்பதால் இழுத்த பக்கம் நீளும். தேங்காய்ப்பால் வடிகட்ட அதை நம்பமுடியாது.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எல்லோருக்கும் பழைய புடவை ஞாபகம் வந்துவிடுகிறது. பிள்ளையை ஏந்த மெத்தென்ற துணி வேண்டும். அத்தை வீடு, பெரியம்மா வீடு என்று போன் பறக்கிறது. "இருந்ததையெல்லாம் போன போகிக்கே போட்டுட்டேன்டி" என்கிறாள் பெரியம்மா. கடைசியில் ஆன்லைனில் மஸ்லின் துணி ஆறு வாங்குகிறார்கள். உறைமேல் 'பலமுறை துவைத்து மிருதுவாக்கப்பட்டது' என்று அச்சிட்டிருக்கிறது. விலையிலும் அது சேர்த்திதான்.