மாத்தளைக் காய்ச்சலும் ஒரு சிறு புரதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிற் கரையேறிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். அவர்கள் கடந்த வறண்ட நிலம் மலேரியாவின் உறைவிடம். 1934-35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ 80,000 பேர் இரையாயினர்.

இக்காய்ச்சல் மக்களின் குருதியிலும் தன் சுவட்டைப் பதித்தது. தலசீமியாக் கூற்றைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புக் கிடைத்தது. ஆகவே மலேரியா நிலவிய நாடுகளில் அக்கூறு பெருகிற்று. இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கோ அதுவே கடும் இரத்தசோகையாயிற்று. மாத்தளைக்கு அயலிலுள்ள குருநாகலிலேயே இலங்கையின் தேசிய தலசீமியா நிலையம் அமைந்துள்ளது.

இந்நோயாளரிடம் ஒரு புதிர் காணப்பட்டது. புறத்திலிருந்து இரத்தம் அதிகம் ஏற்றப்படாதவரின் ஈரலிலும் இரும்புச் சத்து மிகுந்து தேங்கியது. அதற்கு விடை ஒரு மிகச் சிறிய புரதத்தில் இருந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தோர் மனிதனின் குருதியிலும் சிறுநீரிலும் அதனைக் கண்டனர். ஹெப்சிடின் என்பது அதன் பெயர். இரத்தத்தின் ஹீமோகுளோபினில் 574 அமினோ அமிலங்கள் உள. ஹெப்சிடினில் 25 மட்டுமே. ஈரல் அதனை முதலில் 84 அமினோ அமிலங்கொண்ட சங்கிலியாக ஆக்கிப் பின்னர் நறுக்குகிறது. மரபணுக்களைக் கணக்கிட்டோர் 100 அமினோ அமிலங்களுக்குக் குறைந்தவற்றை நெடுங்காலம் பொருட்படுத்தாது விட்டனர் என்பதை எண்ணின், சிறுமை எவ்வளவு எளிதில் மறைந்துவிடும் என்பது புலனாகும்.

சிறிதாயினும் அதன் தொழில் பெரிது. குடலின் உயிரணுக்களிலிருந்து இரும்பு குருதிக்குட் செல்லும் வாயிலை அது மூடுகிறது. கிருமி புகுந்தால் அது மிகுந்து, கிருமிக்கு இரும்பு கிட்டாதவாறு தடுக்கிறது. எலிகளிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, குருதியிலுள்ள மலேரியாவால் ஹெப்சிடின் மிகும்போது, புதிதாக வரும் கிருமி ஈரலில் வளர இயலாது போவதைக் காட்டிற்று. மீனினத்திலும் இப்புரதம் உண்டு; சில மீன்களில் பல வகைகளாகப் பிரிந்து, சில வகைகள் கிருமியையே கொல்லும் படையாயின. மனிதனிடத்தோ ஒன்றே எஞ்சி, இரும்பின் காவலனாய் அமைந்தது.

தலசீமியாவில் உடல் புதிய இரத்தத்தை ஓயாது ஆக்க முயல்வதால் இக்காவலன் அடங்கிவிடுகிறான். வாயில் திறந்தே கிடக்கிறது. ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியாவுடைய 69 இலங்கையரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 62 பேரிடம் ஹெப்சிடின் அடங்கியிருந்தது. பீட்டா தலசீமியாக் கூற்றைச் சுமக்கும் பள்ளிச் சிறாரிடமும் அது குறைந்திருந்தது.

2012 அக்டோபருக்குப் பின் இலங்கையில் உள்ளூர் மலேரியா காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியாவற்றதென அறிவித்தது. காய்ச்சல் அகன்றது, குருதியிற் பதிந்த சுவடோ அகலவில்லை. ஆதலின் வெளிறிய முகங்கண்ட மாத்திரத்தே இரும்பு மாத்திரை போதுமென எண்ணலாகாது. இரத்தப் பரிசோதனை முந்த வேண்டும். முன்னோரை வாட்டிய காய்ச்சலின் கணக்கு, பேரரின் குருதியில் இன்னும் முடிந்தபாடில்லை.