தந்தையர் நடந்த வழி

போர்முனையிலிருந்து மீண்டு வந்த தந்தையர் பலர் அதைப்பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. பெட்டியின் அடியில் ஒரு பதக்கமும் மங்கிய புகைப்படமும் கிடக்கும். அவற்றின் பொருள் பிள்ளைகளுக்கு விளங்காது. தந்தையார் மறைந்த பின்னரே, அவர் எங்கிருந்தார், என்ன செய்தார் என்னும் வினா எழும். அதற்கு விடை காண்பது எளிதன்று, எனினும் இயலாததுமன்று. பர்மாவில் போரிட்ட 'சிண்டிட்' படையினரின் வழித்தோன்றல்கள் அதனைச் செய்து காட்டியுள்ளனர்.

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ரயிலில் சென்று வரும் நாம் ஜான்சி நிலையத்தைப் பன்முறை கடந்திருக்கிறோம். 1942-ஆம் ஆண்டில் விங்கேட் என்னும் தளபதி தமது 77-ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேடைப் பழக்கியது சாகர், ஜான்சி வட்டாரங்களில்தான். லிவர்பூலைச் சார்ந்த கிங்ஸ் ரெஜிமெண்டின் ஒரு பட்டாளம், கூர்க்கா பட்டாளம் ஒன்று, பர்மா ரைபிள்ஸ், 142-ஆவது கமாண்டோ கம்பெனி ஆகியவை அதில் அடங்கியிருந்தன. பாலங்களையும் இருப்புப் பாதைகளையும் வெடிவைத்துத் தகர்ப்பது கமாண்டோக்களின் கடமை. பர்மியக் கோயில் வாயில்களில் காவல் நிற்கும் 'சிந்தே' என்னும் சிங்க உருவே இப்படைக்குப் பெயரளித்தது.

1943 பிப்ரவரியில் ஏறத்தாழ 3,000 பேர் சிந்துவின் ஆற்றைக் கடந்து ஜப்பானியர் வசமிருந்த நிலத்திற்குள் புகுந்தனர். உணவும் வெடிமருந்தும் வானிலிருந்தே வந்தன. மார்ச் 6-ஆம் நாள் இருப்புப் பாதை பல இடங்களில் தகர்க்கப்பட்டது. பின்னர் ஐராவதியையும் கடந்தனர். மார்ச் 24-இல் திரும்புமாறு ஆணை வந்தது. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, சிலர் அஸ்ஸாம் எல்லை நோக்கியும், சிலர் சீனம் நோக்கியும் நடந்தனர். உயிரோடு மீண்டவர் 2,182 பேர். நடக்கவியலாத காயமுற்றோரை வழியிலேயே விட்டுவர நேர்ந்தது. தந்தையர் பலரின் மௌனத்திற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டுமோ?

இத்தகைய படையில் ஒருவரின் அடிச்சுவட்டைத் தேடுவோர் முதலில் அறியவேண்டுவது அவர் எந்த அணியில் நடந்தார் என்பதே. கிங்ஸ் பட்டாளத்தார் 5, 7, 8 எண்ணிட்ட அணிகளிலும், கூர்க்காக்கள் 1 முதல் 4 வரையுள்ள அணிகளிலும் சென்றனர். கமாண்டோ கம்பெனியோ எல்லா அணிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆகவே கம்பெனியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அணி எண் கிடைத்ததும், லண்டனை அடுத்த கியூ ஆவணக் காப்பகத்திலுள்ள போர் நாட்குறிப்புகள் பேசத் தொடங்கும். ரங்கூன் சிறையில் வாடியவர்களுக்கு ஜப்பானியர் எழுதிவைத்த கைதி அட்டைகளும், விடுதலைக்குப்பின் அவர்கள் நிரப்பிய வினாத்தாள்களும் துணைபுரியும்.

ஆயினும் ஆவணம் மட்டுமே சான்றாகாது. 5-ஆம் அணியைச் சேர்ந்த பிலிப் ஸ்டிபே என்னும் அதிகாரி ஹிந்தா என்னும் ஊரில் காயமுற்றுப் பின்தங்கினார். பர்மா ரைபிள்ஸ் வீரர் மாங் துன் தாமே முன்வந்து அவருடன் தங்கினார். பகைவர் கையில் சிக்கியபோதும் அதிகாரியின் மறைவிடத்தைச் சொல்லாமலே அவர் உயிர் நீத்தார். ஸ்டிபே சிறைப்பட்டு, 1945-இல் மீண்டு, 1947-இல் தம் நூலை வெளியிட்டார். எழுதவல்ல ஒருவர் பிழைத்ததனால் அன்றோ மாங் துன்னின் தியாகம் உலகிற்குத் தெரிந்தது!

எழுதுவார் இல்லாதவர் கதி என்ன? ரங்கூனுக்கு வடக்கே தௌக்யானில் எழுந்துள்ள நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் இந்திய வீரர் மிகப் பலர். பர்மாப் போர்முனையில் சென்னை சாப்பர்ஸ் படையினரும் பணியாற்றினர். பாலமமைத்தும் பாதை வெட்டியும் உழைத்த தமிழர் அப்படையில் உண்டு.

நமது காலனிக் குடும்பங்களிலும் பாட்டனார் ஒருவரின் படைவிலகல் சான்றிதழ் பழந்தாள்களுக்கிடையே உறங்கக்கூடும். அதிலுள்ள படை எண், பிரிவின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றை இன்றே படியெடுத்து வைப்போம். படை எண் இருந்தால் பதிவு அலுவலகத்திற்கு எழுதலாம். பிரிவின் பெயர் இருந்தால் அது சென்ற வழியைக் காணலாம். வீட்டிலுள்ள முதியோரிடம் ஊர்ப்பெயர்களையேனும் கேட்டுக் குறிப்போம். பட்டம் பதவி தேடித் தருவதற்கன்று. நம்மை வளர்த்த கைகள் எவ்வளவு சுமந்தன என்பதை நம் பிள்ளைகள் அறிவதற்காகவே.