திருமலைத் துறைமுகம்: இணையத்தில் பொறுக்கிச் சேர்த்த வினோதங்கள்

இணையத்தில் 'திருகோணமலை' என்று தேடினால் முதலில் இரண்டு வகையான பக்கங்கள் வந்து விழும். ஒன்று நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் விளம்பரம். மற்றது நாம் மறக்க முடியாத நாட்களின் பதிவு: 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள், அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள். இந்த இரண்டாவது வகைப் பக்கங்கள் என்றும் அழியாமல் இருக்க வேண்டும். ஆனால் புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இவற்றை மட்டும் பார்த்து விட்டு, "உங்கட ஊரில் வேறொன்றும் நடக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் சில ஆண்டுகளாக எங்கள் துறைமுகத்தைப் பற்றிய வினோதமான, சிரிக்க வைக்கும், வியக்க வைக்கும் செய்திகளை இணையத்தில் தேடிச் சேர்த்து வருகிறேன். இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் எத்தனையோ வீடுகளின் படங்களும் கடிதங்களும் போய்விட்டன. அப்படியான குடும்பங்களுக்கு, முன்பின் தெரியாத ஒரு கடற்படைச் சிப்பாய் எடுத்து வைத்த பழைய படம்தான் சில வேளைகளில் தங்கள் தெருவின் ஒரே படமாக மிஞ்சியிருக்கும். நான் சேர்த்தவற்றில் சிலவும், நீங்களும் சேர்ப்பதற்கான வழிகளும் இங்கே.

எந்தப் பெயரில் தேடுவது?

எங்கள் ஊரை ஆண்டவர்கள் ஒவ்வொருவரும் அதன் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்ப எழுதினார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவரின் ஆவணங்களிலும் எழுத்து வேறுபடும். 1782 இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் கோட்டையைக் கைப்பற்றியதைப் பற்றிய வரைபடங்கள் ஆங்கில எழுத்துக் கூட்டலில் தேடினால் எல்லாம் கிடைக்காது. பிரெஞ்சுக் கூட்டலிலும் தேட வேண்டும். 'கொட்டியாரம்', 'சீனன்குடா', 'பிரட்றிக் கோட்டை' என்ற பெயர்களையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

இன்னொரு சிக்கல் எழுத்துரு. எங்கள் பழைய இணையத்தளங்கள் பல பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. இன்றைய யூனிகோட் தமிழில் தேடினால் அவை அகப்படா. திறந்தாலும் ஆங்கில எழுத்துகளைக் கொட்டி வைத்தது போலத் தெரியும். பக்கம் பழுது என்று மூடிவிடாமல், அந்த வரிகளைப் படியெடுத்து இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வெளியே வரும்.

பெட்டியில் உள்ளவை

கண்டி மன்னனிடம் சிக்கிய மாலுமி: புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பலைத் திருத்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலேயர்களை 1660 இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான றொபேட் நொக்ஸ் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கிடந்தார். தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்தார். தப்பிச் சென்ற பின் 1681 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலை 'குட்டன்பேர்க்' மின்னூல் திட்டத்தில் இலவசமாக வாசிக்கலாம். ரொபின்சன் குரூசோ கதைக்கு அந்த நூலும் ஒரு தூண்டுதல் என்று சொல்வார்கள்.

பெயரைத் தொலைத்த கப்பல்: 'திருகோணமலை' என்று எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று, 1817 ஒக்ரோபர் 12 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி நீரில் இறக்கப்பட்டது. இங்கிலாந்துக்குப் போகும் வழியில் சென் ஹெலனாத் தீவில் தரித்து, நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் ஒருவரையும் ஏற்றிச் சென்றது. பின்னர் ஒரு நூற்றாண்டு அளவுக்கு வேறு பெயரில் இருந்து, 1992 இல் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு மிதக்கிறது. அங்கே வாழும் உறவினர் யாராவது இருந்தால் எங்கள் ஊர்ப் பெயரோடு நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஜேன் ஒஸ்டினின் தம்பி: ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி சார்ள்ஸ் ஒரு கடற்படைத் தளபதி. 1852 இல் பர்மாவில் நோயால் இறந்த அவரைத் திருகோணமலையில்தான் புதைத்தார்கள். கல்லறையின் படம் இணையத்தில் கிடைக்கிறது. உலகெங்கும் அவருடைய அக்காவின் வாசகர்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

காட்டுக்குள் வட்டங்கள்: செய்மதிப் படத்தில் சீனன்குடாவைப் பெருப்பித்துப் பாருங்கள். பச்சைக் காட்டுக்குள் கரம் காய்களை அடுக்கியது போல வட்ட வட்டமாகத் தெரிபவை எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் குண்டு போட்டபோது அவர்களின் விமானம் ஒன்று ஒரு தாங்கியின் மேல் விழுந்து எரிந்தது. இப்போது எஞ்சியவை 99. 2022 ஜனவரியில் இவற்றைப் பற்றி இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதப்பட்டபோது உலகச் செய்திகளில் மீண்டும் அடிபட்டன.

கடலடியில் லிங்கம்: போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை 1950 களில் சுவாமி மலையடியில் மூழ்கிப் பார்த்தவர்கள், விண்வெளிக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். அதைப் பற்றிய கிளார்க்கின் நூல் 1957 இல் வந்தது.

சரித்திர நாவலின் ஊர்: தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் குறிப்பிடும் 'மோகனாங்கி' 1895 இல் வெளிவந்தது. எழுதிய த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். கல்கி பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஊரவர் ஒருவர் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

இவற்றோடு, நகரத் தெருக்களில் கடை வாசல் வரை வந்து நிற்கும் புள்ளிமான்களின் காணொளிகளும் என் பெட்டியில் நிறைய உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் பிடிப்பது அவைதான்.

சேர்ப்பதற்கான ஒழுங்கு

முதலாவது, படத்தை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். எங்கிருந்து எடுத்தது, யார் போட்டது, எந்தத் திகதி, கீழே என்ன எழுதியிருந்தது என்ற நான்கையும் கூடவே எழுதி வையுங்கள். இவை இல்லாத படம் பத்து ஆண்டுகளில் ஊமையாகிவிடும்.

இரண்டாவது, இணையப் பக்கங்கள் நிலையானவை அல்ல. ஜியோசிற்றிஸ் 2009 இல் மூடப்பட்டபோது இலட்சக்கணக்கான தனியார் பக்கங்கள் ஒரேயடியாகப் போயின. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நடத்தும் 'வேபேக் மெஷின்' தளத்தில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அதன் பிரதியை அங்கே இலவசமாகச் சேமிக்கலாம். அழிந்துபோன பழைய பக்கங்களையும் அங்கே தேடிப் பார்க்கலாம். முகநூல் பதிவுகள் அங்கே ஒழுங்காகச் சேமிபடா. அவற்றைத் திரைப்படியாக எடுத்து வைப்பதே வழி.

மூன்றாவது, பகிர முன் சரிபாருங்கள். யானை போர் விமானத்தை இழுக்கும் உலகப் போர்க்காலப் படம் ஒன்று உண்டு. அது சீனன்குடா அல்ல, புத்தளத்துக் கடற்படை விமானத்தளம். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் அது முதலில் எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பிரித்தானியாவின் போர் அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் எங்கள் துறைமுகத்தின் 1940 களின் படங்கள் விளக்கக் குறிப்புகளோடு இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும்.

நான்காவது, போர்க்காலத்துப் படங்களில் முகம் தெரிபவர்கள் இன்றும் ஊரில் வாழலாம். பெயர் போட்டுப் பொதுவில் பகிர்வதற்கு முன் அவர்களையோ குடும்பத்தையோ கேளுங்கள். விருப்பம் இல்லை என்றால் உங்கள் சேகரிப்பில் மட்டும் வைத்திருங்கள்.

நாங்கள் கொடுக்க வேண்டியது

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை மற்றவர்கள் எங்களைப் பற்றி எழுதி வைத்தவை. எங்கள் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், கொட்டியாரக் குடாவில் வலை இழுத்தவர்களும், மூதூர் வள்ளத்தில் பள்ளிக்கூடம் போனவர்களும் அங்கே மிகக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்பும் வேலையை 2005 இல் தொடங்கிய 'நூலகம்' செய்து வருகிறது. பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பழைய பத்திரிகைகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் என்று அங்கே பலவும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. கல்வெட்டுகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒருவர் எந்தக் கந்தோரில் வேலை செய்தார், எந்த ஆண்டு எந்த ஊருக்கு இடம்பெயர்ந்தார் என்ற விபரம் சில குடும்பங்களுக்கு அவற்றில் மட்டும்தான் அச்சில் இருக்கிறது.

உங்கள் அலுமாரியில் அப்படி ஒன்று தப்பியிருந்தால் கரையான் முந்துவதற்குள் வெளியே எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். அட்டையையும் பின்பக்கத்தில் கையால் எழுதியிருப்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியை வெளிநாட்டிலுள்ள உறவினருக்கும், இன்னொன்றை நூலகத்துக்கும் அனுப்பி வையுங்கள்.