ஆட்டத்தை அடக்குவது: ஒரு மெட்ராஸ் காரின் பின்பக்க வரலாறு

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுதான். சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் வாங்கியதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஸ்பிரிங்குக்குத் தெரியாது. திருப்பித் தள்ளும், மறுபடி அமுங்கும், மறுபடி தள்ளும். தள்ளிவிட்ட ஊஞ்சல் மாதிரி. அந்த ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உருளைக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன வழிகள். எண்ணெய் அந்த வழிகளில் திணறி நுழையும்போது ஆட்டம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. பிரிட்டிஷ்காரர்கள் இதை 'டேம்பர்' என்கிறார்கள். அதுதான் நேர்மையான பெயர்.

முதல் கார்களில் இப்படி ஒரு பொருளே கிடையாது. குதிரை வண்டியிலிருந்து வந்த பட்டை ஸ்பிரிங்கை அப்படியே மாட்டினார்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசும், அந்த உரசலே ஆட்டத்தை ஓரளவு குறைக்கும். வேகம் கூடியதும் அது போதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் ட்ரூஃபோவும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டும் தட்டுகளை இறுக்கி உரசவிடும் டேம்பரைக் கொண்டுவந்தார்கள். அடுத்தது எண்ணெயின் காலம். ஃபோர்டின் மாடல் டி தன் ஆயுள் முழுக்க டேம்பர் இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதற்கடுத்த மாடல் ஏ, ஹூடாய் வகை எண்ணெய் டேம்பரோடு வந்தது. நாம் இன்று பார்க்கும் குழாய் வடிவ ஷாக் பரவலானது இதற்கெல்லாம் பிறகுதான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த அத்தியாயம் மெட்ராஸில் நடந்தது. அதன் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் வெளியானது 1959இல். வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அன்று எல்லோரும் சேஸிஸ் இல்லாத ஒற்றை உடல் கார்களுக்கு மாறிக்கொண்டிருக்க, ஹெரால்ட் மட்டும் பழையபடி தனி சேஸிஸோடு வந்தது. காரணம் வியாபாரம். அந்த நிறுவனத்துக்குக் கார் உடல் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ள அது தோதாகவும் அமைந்தது. மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961இல் ஹெரால்டைத் தொடங்கியது. போகப்போக அது இந்த ஊர் வண்டியாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்ட் இங்கே வந்தது.

ஹெரால்டின் பின்பக்கம்தான் விசேஷம். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் ஒரே இரும்பு அச்சு, இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டைகள். ஹெரால்டில் ஒரே பட்டைக்கட்டு, அதுவும் குறுக்காக, டிஃபரன்ஷியலின் முதுகில் உட்கார்ந்திருக்கும். பறவை சிறகை விரித்த மாதிரி அதன் இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களைப் பிடித்திருக்கும். டிஃபரன்ஷியலிலிருந்து வரும் அரை அச்சுகள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். இதுதான் ஸ்விங் ஆக்சில். 1903இலேயே எட்மண்ட் ரும்ப்ளர் காப்புரிமை வாங்கிய யோசனை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இருந்ததும் இதே தத்துவம்தான்.

நல்ல யோசனைதான், ஒரு இடத்தைத் தவிர. வளைவில் வேகமாகத் திரும்பும்போது திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் எழும்பும். எழும்பினால் அரை அச்சு கீழ்நோக்கிச் சாயும். சக்கரம் உள்பக்கமாக மடங்கி டயரின் ஓரத்தில் நிற்கும். அந்த நொடியில் ரோட்டின் மேல் பிடிமானம் பாதியாகிவிடும், வண்டி சுழலலாம், கவிழவும் கவிழலாம். அமெரிக்காவின் செவர்லே கோர்வேரிலும் ஸ்விங் ஆக்சில்தான். ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் அத்தியாயமே கோர்வேரைப் பற்றியது. கார் பாதுகாப்பு என்பது ஓட்டுபவரின் பொறுப்பு மட்டுமல்ல, செய்தவரின் பொறுப்பும்தான் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவ அந்தப் புத்தகம் ஒரு பெரிய காரணம்.

மெட்ராஸும் தன் வழியில் ஒரு பதில் சொன்னது. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்துக்கு வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் அதே 948 சிசி எஞ்சின்தான். ஆனால் பின்னால் ஸ்விங் ஆக்சில் இல்லை, பழையபடி ஒரே இரும்பு அச்சு. வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்த ஆடும் அச்சு பிடிக்கவில்லை என்பதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். பின்னோக்கிப் போன தொழில்நுட்பம் என்று சிலர் கேலி செய்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஊரின் ரோடு ஒரு வடிவமைப்பைப் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தது என்றுதான் சொல்வேன்.

நண்பர் ஒருவரின் ஹெரால்டுக்குப் பின் ஷாக் மாற்றும்போது இரண்டு நாள் கூடவே இருந்தேன். பின் மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டிய வண்டி மூன்று நான்கு முறை தலையாட்டிக்கொண்டிருந்தது. ஷாக்கின் உடம்பு முழுக்க எண்ணெயும் புழுதியும் சேர்ந்த கறுப்புப் பிசின். சீல் போய்விட்டது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றியாயிற்று. நான் ஸ்பேனரை எடுத்ததும் மேஸ்திரி கையைப் பிடித்தார்.

"தம்பி, தொங்கும்போது கழட்டக் கூடாது. இந்த வண்டியில ஷாக்குதான் கயிறு. அவுத்தா பட்டை உதைக்கும்."

அவர் சொன்னது அந்தக் காரின் மொத்த வடிவமைப்பும் ஒரே வரியில். ஹெரால்டில் சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்ற எல்லையை வைப்பதே ஷாக்தான். அதனால் சக்கரத்தைத் தாங்கும் பகுதியின் அடியில் இன்னொரு ஜாக் வைத்துப் பட்டையைக் கொஞ்சம் ஏற்றி, ஷாக்கின் இறுக்கம் போனபிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும். கீழ் நட்டுக்கு ராத்திரி முழுக்க டீசல் ஊறப்போட வேண்டியிருந்தது. புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை இழுத்து அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை எடுத்தார். புது ரப்பர் புஷ் போட்டார். வண்டி தன் எடையோடு தரையில் நின்றபிறகுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில்லை, இரண்டும் ஜோடியாகத்தான்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கும் இருக்கிறது. பழைய கார்களுக்கு அதே பாகம் கிடைக்காதபோது புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கிடைக்கும் வேறு வண்டியின் ஷாக்கைப் பொருத்துவது நம் ஊர் வழக்கம். அதைக் குறைசொல்ல மாட்டேன், அந்தக் கைவேலைதான் இந்தக் கார்களை இத்தனை வருஷம் ஓடவைத்தது. ஆனால் ஹெரால்டில் மாற்று ஷாக் விரிந்த நிலையில் இரண்டு விரல் நீளமாக இருந்தால் சக்கரம் அவ்வளவு கூடுதலாகக் கீழே இறங்கும், வளைவில் அவ்வளவு கூடுதலாக உள்ளே மடங்கும். மேஸ்திரி பழையதையும் புதியதையும் இழுத்து விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நூல்கயிற்றால் அளந்தார். மூடிய நீளத்தையும் அளந்தார். சரியாக இருந்த பிறகுதான் மாட்டினார்.

பழைய கார்களை இப்போது நம் வயதுக்காரர்கள் ஆசையாக மீட்டெடுக்கிறார்கள். பெயின்ட், குரோம், சீட் துணி எல்லாம் படத்தில் அழகாக விழும். ஷாக் எந்தப் படத்திலும் விழாது. ஒரு காரைக் காப்பாற்றுவது என்றால் அதன் தோற்றத்தை மட்டும் காப்பாற்றுவது இல்லை. அதற்கு எங்கே பலவீனம், அந்தப் பலவீனத்தை எந்தப் பாகம் பிடித்து நிறுத்துகிறது என்ற அறிவும் கூடவே வர வேண்டும். அந்த அறிவில் பெரும்பகுதி எந்தக் கையேட்டிலும் தமிழில் இல்லை. ஷெட்டுகளில், அறுபது எழுபது வயதுக் கைகளில், வாய்மொழியாக இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் போய் ஜாக் பிடித்துக் கொடுங்கள். அவர்கள் சொல்வதை அன்று ராத்திரியே எழுதி வையுங்கள்.